வார மடலில் இரண்டு வரி

"எங்க அப்பா உசுரோட இருக்காரா, இல்லையா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்ணே. மடல்ல ஒரு 'காணவில்லை' போடுங்க."

சவுரிராயன் ஓடிக்கொண்டிருந்த அச்சு இயந்திரத்தை நிறுத்தினான். திண்டிவனத்தில் கடை வைத்து ஐந்து கத்தோலிக்கப் பங்குக் கோயில்களுக்கு வார மடல் அடித்துக் கொடுப்பவன் அவன். ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் கையோடு எடுத்துப் போகிற நாலு பக்கத் தாள். யாருக்குக் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள், எந்தத் தெருவில் செபக்கூட்டம், எந்த நாள் பூசை யாருக்காக என்பதெல்லாம் அதில் வந்துவிடும். காணாமல் போன மனிதர்கள் மட்டும் இதுவரை வந்ததில்லை.

வந்தவள் பெயர் அமல்ராணி. விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். டூட்டி முடிந்து அப்படியே பஸ் ஏறியிருந்தாள்.

"உக்காரும்மா. ஜல்தி வேணாம், நிதானமா சொல்லு" என்றார் மூலையில் இருந்தவர். நேமிகுமார். ஓய்வுபெற்ற சி.பி.சி.ஐ.டி. இன்ஸ்பெக்டர். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். சவுரியின் கடைக்குப் பேப்பர் படிக்க வருவார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டுமென்று எழுந்து போய்விடுவார். இடைப்பட்ட நேரத்தில் ஏதாவது வழக்கு வந்து மாட்டாதா என்பது சவுரியின் தினசரி மன்றாட்டு.

அமல்ராணி சொன்னாள். அப்பா அமிர்தசாமி, வயது அறுபத்து மூன்று, மனைவியை இழந்தவர். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு விவசாயம். பக்கத்து வீட்டில் தம்பி அந்தோணி பிரபுவும் அவர் மனைவி ஜாக்குலினும். ஆகஸ்ட் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை, வேளாங்கண்ணியில் கொடியேற்றம். அன்று காலை அண்ணனுக்குக் காவி கட்டி, பஸ் ஏற்றி விட்டதாக அந்தோணி பிரபு சொல்கிறார். செப்டம்பர் எட்டாம் தேதி அப்பாவின் போனிலிருந்து ஒரு செய்தி: 'நல்லா இருக்கேன். இங்கேயே மாதாவுக்கு ஊழியம் செய்யப் போறேன். தேட வேணாம்.' அதன்பிறகு போன் அணைந்துவிட்டது.

"போலீஸ்ல கேட்டா, டவர் வேளாங்கண்ணிதான் காட்டுதுங்கறாங்க. பெரிய மனுஷன், இஷ்டப்பட்டுப் போயிட்டாராம். எங்க அப்பாவுக்கு டைப் அடிக்கவே தெரியாது சார். எப்பவும் வாய்ஸ்தான் போடுவாரு."

"கடைசியா எப்ப பேசின?"

"திங்கக்கிழமை, இருபத்தஞ்சாம் தேதி. புதன்கிழமை கூப்பிட்டேன், எடுக்கல. அன்னிக்குப் பிள்ளையார் சதுர்த்தி. ஊர்ல மைக் செட்டு அலறும், காதுல விழலன்னு விட்டுட்டேன்."

"யார் கூடவாவது தகராறு?"

"பக்கத்துக் காட்டு பெரியதம்பியோட வரப்புத் தகராறு, அது பத்து வருஷமா இருக்குது. சித்தப்பாவோடவும் சண்டைதான். தண்ணி இல்லாத பழைய கிணத்த மூடி, மனை போடணும்னு அவரு நின்னாரு. எங்க தாத்தா வெட்டின கிணறு, என் பொணத்து மேல மூடிக்கோன்னு அப்பா சொல்லிட்டாரு. அவரு கிளம்பின மறுநாளே சித்தப்பா ஜேசிபி வச்சி மூடிட்டாரு."

சவுரி குறிப்பு நோட்டில் 'பெரியதம்பி' என்று எழுதி இரண்டு கோடு போட்டான். நேமிகுமார் வேறெதையோ கேட்டார்.

"அவங்க பங்கு மடலும் நீதானே அடிக்கிற? பழைய கோப்பை எடு."

நான்கு வருடத்துக் கோப்பு. தூசி தட்டிக் கொடுத்தான். செப்டம்பர் பதினான்காம் தேதி மடலில் ஒரு செய்தி: 'திரு. அந்தோணி பிரபு ஏற்பாட்டில் இருபத்திரண்டு பேர் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வேனில் சென்று எட்டாம் தேதி திரும்பினர்.'

"போன் எப்படி வேளாங்கண்ணி போச்சுன்னு தெரிஞ்சிடுச்சு சார்!"

"போன் போனது தெரிஞ்சுது. ஆள் போனாரான்னு தெரியல." அவர் ஆகஸ்ட் 31, செப்டம்பர் 21 மடல்களையும் எடுத்துப் பூசைப் பட்டியல்களில் விரல் வைத்தார். "இது என்ன?"

செப்டம்பர் 2, செவ்வாய்: உத்தரிக்கும் ஆன்மாக்களின் இளைப்பாற்றிக்காக. மன்றாடுவோர்: ஜாக்குலின்.

செப்டம்பர் 25, வியாழன்: உத்தரிக்கும் ஆன்மாக்களின் இளைப்பாற்றிக்காக. மன்றாடுவோர்: ஜாக்குலின்.

"செத்தவங்க ஆத்துமா மோட்சம் போறதுக்கு முன்னாடி உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடக்கும் சார். அதுங்களுக்காகப் பூசை குடுப்பாங்க. யாருக்குன்னு பேர் போடணும்னு கட்டாயம் இல்ல. சாதாரண விஷயம்."

"ஒரு வாரத்துப் பூசையை எதுக்குள்ள சொல்லணும்?"

"முந்தின வியாழக்கிழம சாயங்காலத்துக்குள்ள. வெள்ளி காலையில நான் அச்சுக்கு ஏத்திடுவேன். பிஷப்பே வந்தாலும் அப்புறம் சேக்க முடியாது."

"உங்க ஆளுங்க வீட்டுல சாவு விழுந்தா எந்த எந்த நாள் பூசை?"

"ஏழாம் நாள், முப்பதாம் நாள். செத்த நாளையும் சேத்து எண்ணுவோம். ஏன் சார்?"

நேமிகுமார் எழுந்தார். சுவர்க் காலண்டரில் விரல் வைத்து எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். பிறகு, "வண்டியை எடு. பெரியதம்பியைப் பார்க்கணும்" என்றார்.

பெரியதம்பி மல்லாட்டைக் காட்டில் கடலைச் செடிகளுக்கிடையே களை பிடுங்கிக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"செவ்வாக்கிழம சாயங்காலம் சார். பிள்ளையாருக்குப் பூ வாங்கக் கிளம்பினேன், அதான் ஞாபகம். கிணத்தாண்ட அண்ணனும் தம்பியும் கத்திக்கினு இருந்தாங்க. அப்புறம் அமிர்தசாமிய நான் பாக்கல. ஸ்டேஷன்லயும் சொன்னேன். வரப்புச் சண்டக்காரன் பேச்ச எவன் கேப்பான்? என்னையே ரெண்டு நாள் உக்கார வச்சிட்டாங்க."

திரும்பி வரும்போது சவுரிக்குப் பொறுக்கவில்லை. அவனும் மனதுக்குள் எண்ணி முடித்திருந்தான். "சார், ஒரு நாள் இடிக்குதே. இந்தாளு செவ்வாய்ங்கறான். பூசைக் கணக்கு..."

"ஆமா, இடிக்குது." நேமிகுமாரின் குரல் தாழ்ந்தது. "அந்த ஒரு நாளை நெனைச்சாத்தான் எனக்கு பயமா இருக்கு, சவுரி."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்ததும் அமிர்தசாமியின் ஊர்ப் பங்குச் சாமியார் மறைக்கல்வி வகுப்பறையைத் திறந்துவிட்டார். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் நான்கு பேர்: அமல்ராணி, பெரியதம்பி, அந்தோணி பிரபு, ஜாக்குலின். வாசலில் உள்ளூர் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரின் ஜீப். சவுரி கோப்பை மடியில் வைத்துக் கதவோரம் நின்றான்.

"என்னா பேஜாரு சார் இது? எங்க அண்ணன் மாதா கோயில்ல நிம்மதியா இருக்காரு" என்றார் அந்தோணி பிரபு. "இந்தப் பொண்ணுக்குதான் புத்தி கெட்டுப் போச்சு."

"பஸ் ஏத்தி விட்டது வெள்ளிக்கிழமை காலையிலதானே?"

"எத்தன வாட்டி சொல்றது? வெள்ளிக்கிழமதான்."

நேமிகுமார் அவரை விட்டுவிட்டு ஜாக்குலின் பக்கம் திரும்பினார். ஒடிசலான பெண். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, நாலு வருஷ மடலைப் புரட்டினேன். உங்க பேர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருது, கல்யாண நாள் நன்றிப் பூசைக்கு. இந்த வருஷம் மட்டும் ரெண்டு பூசை கூடுதல். செப்டம்பர் ரெண்டு, செப்டம்பர் இருபத்தஞ்சு."

"ஆத்துமாங்களுக்கு யாரு வேணும்னாலும் பூசை குடுப்பாங்க" என்றார் அந்தோணி பிரபு. "நவம்பர் மாசம் பூரா அதான்."

"நவம்பர்ல குடுத்திருந்தா நான் கண்டுக்கவே மாட்டேன். செப்டம்பர் ரெண்டை ஏழாம் நாளா வச்சி பின்னாடி எண்ணினா ஆகஸ்ட் இருபத்தேழு, புதன்கிழமை வருது. இருபத்தஞ்சை முப்பதாம் நாளா வச்சி எண்ணினாலும் அதே புதன்கிழமை. இதுல இன்னொண்ணு. ரெண்டாம் தேதி பூசையை வியாழக்கிழமைக்குள்ள சொல்லியிருக்கணும். வெள்ளிக்கிழமை பஸ் ஏறப் போற மனுஷனுக்கு முந்தின நாளே ஏழாம் நாள் பூசை சொல்லியாச்சு."

அமல்ராணி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்க வந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சவுரியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த இரண்டு வரியையும் எழுத்துப் பிழை பார்த்து அச்சுக்கு அனுப்பியவன் அவன்.

"பேர் போட பயம். பேர் போடாம விட்டா ஆன்மா தவிக்குமேன்னு அதைவிட பயம். தேதியையாவது சரியாக் கணக்குப் பண்ணிக் குடுத்துட்டீங்க. சனிக்கிழமை கிணத்தை மூடினாங்க. தாசில்தாருக்குச் சொல்லியாச்சு, நாளைக்குத் தோண்டுவாங்க. அதுல யாரு இருக்காங்கன்னு நான் கேக்கல." நேமிகுமார் அவள் பெஞ்சருகே வந்து நின்றார். "பெரியதம்பி சண்டையைப் பார்த்தது செவ்வாய்க்கிழமை. நீங்க எண்ணினது புதன்கிழமையிலிருந்து. நாள் கணக்குல நீங்க தப்புப் பண்ண மாட்டீங்க. அப்படின்னா நடுவுல அந்த ஒரு நாள் என்னம்மா?"

"ஒண்ணும் பேசாத. வாய மூடுடி" என்று அந்தோணி பிரபு எழுந்தார். பெரியதம்பியின் கை அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தது.

ஜாக்குலின் யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"செவ்வாக்கிழம இவரு தள்ளிட்டு ஓடி வந்தாரு. தண்ணி இல்லாத கிணறு. காலு ஒடஞ்சிருக்கும் போல, ஆனா உசுரு இருந்துச்சு. கயிறு எடுத்துக்கினு போனேன். மேல வந்தான்னா நான் ஜெயிலுக்குப் போவணும்டின்னு சொல்லி என்ன வீட்டுக்குள்ள தள்ளிப் பூட்டிட்டாரு. புதன்கிழம லீவு, காட்டுல வேலைக்கு ஒரு சனம் வரல. ஊரெல்லாம் மைக் செட்டு. ஒரு பாட்டு முடிஞ்சி அடுத்த பாட்டு போடுவாங்க இல்ல, அந்த எடவெளியில மட்டும் கொல்லைப் பக்கம் கேக்கும். சாயங்காலம் வரைக்கும் கேட்டுச்சு. வெளக்கு வைக்கிற நேரத்துக்கு நின்னு போச்சு. அப்புறம்தான் பூட்டத் தெறந்துவிட்டாரு."

வெளியே இரண்டாம் பூசைக்கு வந்தவர்கள் வண்டிகளை நிறுத்தும் சத்தம்.

"என்ன சொல்லிக் கூப்பிட்டாரு சித்தி?" அமல்ராணியின் குரல் வார்டில் நோயாளியிடம் கேட்பதுபோல் அடங்கியிருந்தது.

"வேணாம்மா."

"சொல்லு."

"மொதல்ல தம்பி தம்பின்னாரு. அப்புறம் என்னக் கூப்பிட்டாரு." ஜாக்குலின் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். "மத்தியானத்துக்கு மேல உன்னத்தான். நீ வந்து நிக்கிற மாதிரி, கிட்டவே இருக்கற மாதிரி, மெதுவாக் கூப்பிட்டுக்கினு இருந்தாரு."