சட்டை கழற்றிய ஆமை

வீட்டோடு மாப்பிள்ளையை ஊர் ஒரு மாதிரிப் பார்க்கும். மாமியாரிடமே சம்பளத்துக்குச் சேர்ந்த மாப்பிள்ளையை அதைவிட ஒரு மாதிரிப் பார்க்கும். அந்த மாமியார் துப்பறிகிறவராகவும் இருந்துவிட்டால் போச்சு. பொய் சொல்லிவிட்டு ஒரு சினிமாவுக்குப் போய்வர முடியாது, செருப்பைக் கழற்றுவதற்குள் "இடைவேளைக்கு அப்புறம் நல்லா இருந்துச்சா மாப்ளே?" என்று கேட்டுவிடுவார்.

அப்படி மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை, அன்று மதியம் மருந்துக்கடை மாடியில் இருந்த அலுவலகத்தில், விழிப்பாக இருப்பது போன்ற முகத்தோடு தூங்கிக்கொண்டிருந்தான். எதிரே மாமியார் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு காட்டுகிறவர்களைப் பிடித்துப் பிடித்தே ஓய்வு பெற்றவர். பென்சில் சீவுவாரே தவிர, அதைக்கொண்டு எழுதி யாரும் பார்த்ததில்லை.

கதவைத் தட்டாமலே இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் கரும்பச்சைப் புடவை கட்டிய பெண். இன்னொருத்தி கறுப்பு டீசர்ட் போட்ட பதினேழு வயதுக்காரி. தலையில் முடி சுருள்சுருளாக, சீப்பு உள்ளே போனால் திரும்பி வராது என்கிற மாதிரி. அவளை எல்லோரும் சுருட்டை என்றே கூப்பிட்டார்கள்.

"மேடம், எங்க படத்துக்குள்ள யாரோ புகுந்துட்டாங்க!" என்றாள் சுருட்டை.

மாப்பிள்ளை குதித்து எழுந்தான். "எந்த ஜன்னல் வழியா?"

"உக்காருங்க மாப்ளே. படத்துக்கு ஜன்னல் கிடையாது" என்றார் மாமியார். "நீங்க சொல்லுங்கம்மா."

பெண் சொன்னார். எதிர்த் தெருவில் சைக்கிள் கடை மாடியில் அவர் ஒரு பட்டறை நடத்துகிறார். பிள்ளைகளுக்கு அவர் டீச்சர். பள்ளி முடித்த பிள்ளைகள் அங்கே வந்து கம்ப்யூட்டர், கேமரா வைத்து அனிமேஷன் படம் எடுக்கிறார்கள். களிமண் பொம்மையை நூலளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நூலளவு நகர்த்தி ஒரு படம். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பொம்மை நடக்கும். இதற்கெல்லாம் ஓர் அறக்கட்டளை நிதியுதவி தருகிறது. அதைத் தொடர்ந்து கொடுக்கலாமா என்று பார்க்க இன்று மதிப்பீட்டாளர் வந்திருக்கிறார்.

"நிதி நின்னா பட்டறை காலி. கீழ இருக்கிற சைக்கிள் கடைக்காரர் அந்த இடத்தை டயர் குடோனா கேட்டுக்கிட்டே இருக்கார்" என்றார் டீச்சர். "அறக்கட்டளையோட ஒரே கண்டிஷன், பிள்ளைங்க படத்துல பெரியவங்க விரல் படக்கூடாது. போன வருஷம் வேற ஒரு ஊர்ல, ஒரு பையனோட அப்பா கத்தரிக்கோல் புடிச்சார்னு மொத்தத்தையும் ரத்து பண்ணின மனுஷன் இவரு."

"இன்னிக்கி என்ன ஆச்சு?"

சுருட்டை முந்திக்கொண்டாள். "காலையில எங்க ஆமையை மேடை ஓரம் வரைக்கும் நடக்க வச்சுட்டு எல்லாரும் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தா ஆமை விட்ட இடத்துலயே நிக்குது. சரின்னு அவருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினா, நாங்க எடுத்தது முடிஞ்சதுக்கு அப்புறமும் ஆமை நடிக்குது மேடம்! அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாக்குது, சட்டை மாதிரி தன் முதுகு ஓட்டைக் கழட்டுது, நாலா மடிச்சுத் தலைக்கு வச்சுப் படுத்துக்குது!"

"நல்லாருந்துச்சா?"

சுருட்டை டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள். "சூப்பரா இருந்துச்சு. அதான் வயித்தெரிச்சல்."

"டீச்சர் முன்னாடி விளம்பரக் கம்பெனியில இதே வேலை பாத்தவங்க. எல்லாரும் அவங்களைத்தான் சொல்வாங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

"அதிகாரி என்ன சொன்னார்?"

"அதுதான் எனக்கே ஆச்சரியம்" என்றார் டீச்சர். "'சின்ன விஷயம், விட்டுடலாம், விசாரணையெல்லாம் வேண்டாம்'னாரு. இவதான் விடல. யாருன்னு தெரியாம விட்டா என் பேரு போயிடும்னு என்னை இழுத்துட்டு வந்துட்டா."

மாமியார் பென்சிலை மேசையில் வைத்தார். "வாங்க மாப்ளே. ஆமையைப் பாத்துட்டு வருவோம்."

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். அந்தப் பட்டறைக்குள் ஒரே நாளில் ஆமையும், அமீனாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஓர் அதிகாரியும் புகுந்திருக்கிறார்களே என்று மாப்பிள்ளை படியேறும்போது நினைத்துக்கொண்டான். சொல்லவில்லை. இந்த மாதிரி நகைச்சுவைக்கு மாமியார் சிரித்து அவன் பார்த்ததில்லை.

மாடி ஒரே நீள அறை. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. நடுவே மேசை, அதன்மேல் அட்டை மேடை, இரண்டு விளக்கு, அசையாமல் திருகிவைத்த கேமரா. மேடையில் உள்ளங்கை அளவு ஆமை: உடம்பு வெண்ணெய் நிறம், ஓடு பச்சை. பக்கத்தில் பெரிய சிவப்புப் பட்டன். கதவோர ஆணியில் கறுப்புக் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின.

"யாருக்கு துக்கம்?" என்றான் மாப்பிள்ளை.

"அது ஷூட்டிங் டிரெஸ் அண்ணே" என்றாள் சுருட்டை. அவன் அதற்குமேல் கேட்கவில்லை. ஆமையின் மூக்கைத் தொட்டுப் பார்க்கப் போய் எல்லோரிடமும் ஒரே நேரத்தில் திட்டு வாங்கினான்.

மூலையில் ஹெட்ஃபோன் மாட்டிய ஒரு பையன், கறுப்பு டீசர்ட்டில். படத்துக்கு ஒலி சேர்ப்பவன். தான் பேசிச் சத்தத்தை வீணாக்க மாட்டான் என்பதால் மௌனி என்று பெயர். வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்காரர். கருநீலச் சட்டை, முழங்கை வரை கிரீஸ். பின்பக்கப் படிக் கதவின் சாவி அவரிடம் இருந்தது.

"என்னைப் பாக்காதீங்கம்மா. நான் மேல ஏறினா அந்தப் படிக்கட்டே கிரீச்சு கிரீச்சுனு ஊரைக் கூட்டிடும்" என்றார் அவர். "டயருக்கு இடம் வேணுந்தான். அதுக்காக ஆமையோட துணியையா உருவுவேன்?"

பக்கத்துச் சின்ன அறையின் கதவு திறந்து மதிப்பீட்டாளர் வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, மெலிந்த முகம். முழுக்கைச் சட்டைதான், ஆனால் இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே ஏறுமாறாகச் சுருட்டிவிட்டிருந்தார்.

"இவருக்கு நாங்க இஸ்திரினு பேர் வச்சிருக்கோம்" என்று சுருட்டை மாப்பிள்ளையின் காதில் கிசுகிசுத்தாள். "காலையில வந்தப்ப பாக்கணுமே, மணிக்கட்டு வரைக்கும் பட்டன், ஒரு சுருக்கம் இல்ல. உக்காந்தா சட்டை உடைஞ்சிடுமோனு பயந்தோம்."

"பாவம், புழுக்கம்" என்றான் மாப்பிள்ளை.

"நீங்க சாப்பிடப் போகலையா சார்?" என்று மாமியார் அவரிடம் கேட்டார்.

"மதியம் நான் சாப்பிடறதில்லைங்க. உள்ள கதவைச் சாத்திட்டு ரிப்போர்ட் எழுதிட்டு இருந்தேன். எதுவும் கேக்கல." பிறகு அவசரமாக, "இதைப் பெரிசு பண்ண வேண்டாமே" என்றார்.

"ஒரு தடவை படத்தைப் போடு கண்ணு" என்றார் மாமியார்.

திரையில் ஆமை நடந்தது. நின்றது. அதற்குப் பிறகு நடை மாறியது. ஒவ்வொரு அசைவும் தவளைபோலத் தாவியது. ஆமை திருட்டு முழி முழித்தது, ஓட்டைக் கழற்றியது, ஓரத்தோடு ஓரம் வைத்து நாலாக மடித்தது, தலைக்கு வைத்துப் படுத்தது. சைக்கிள் கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்து, சிரித்ததற்காக இருமிக்கொண்டார். ஒன்று மட்டும் மாப்பிள்ளையின் கண்ணில் பட்டது. அந்தக் கடைசிப் பகுதியில் ஆமையின் முகம் பளிச்சென்று வெளுப்பதும் மங்குவதுமாக மினுங்கிக்கொண்டே இருந்தது.

"சட்டை இல்லாம நிக்கிறதுல அதுக்கே வெக்கம் போல, முகம் வெளுக்குது" என்றான்.

மாமியார் அவனைத் திரும்பிப் பார்த்தார். "நல்லாப் பாத்தீங்க மாப்ளே."

கல்யாணமான நாளிலிருந்து அவன் வாங்கிய முதல் பாராட்டு அது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. யாருடையது என்று எல்லோரும் தேடும்படி ஆயிற்று.

"நான்தான்" என்றான் மௌனி. "நான்தான் எடுத்தேன். பெரியவங்க யாரும் இல்ல. நிதியை நிறுத்தாதீங்க."

சுருட்டையின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இஸ்திரி எதையோ சொல்ல வாயெடுத்து, விழுங்கினார்.

மாப்பிள்ளை வெற்றியோடு கையைத் தட்டினான். "ஒப்புக்கிட்டான்! முடிஞ்சது அத்தை!"

"இப்பதான் ஆரம்பம். எல்லாரும் உக்காருங்க." மாமியார் ஸ்டூலில் அமர்ந்தார். "தம்பி, நல்ல மனசு உனக்கு. ஒரே ஒரு கேள்வி. இந்தச் சிவப்புப் பட்டனை அமுக்கினா என்ன ஆகும்?"

"படம் எடுக்கும். நேரா கம்ப்யூட்டருக்குப் போய் கடைசிப் படத்துக்குப் பின்னாடி ஒட்டிக்கும்."

"யாருக்கும் தெரியாம எடுக்கறவன் நீயா இருந்தா, முடிச்சதும் என்ன செய்வே?"

மௌனி தரையைப் பார்த்தான். "அழிச்சிருப்பேன்."

"அவ்வளவுதான். வந்த ஆள் ஆமைக்குத் திரும்ப ஓட்டை மாட்டி, பழைய இடத்துல பத்திரமா வச்சிருக்கார். அப்போ மறைக்கணும்னு எண்ணம் இருக்கு. ஆனா எடுத்த படத்தை மட்டும் அப்படியே விட்டுட்டார். ஏன்? அது அங்கே தங்கியிருக்கும்னே அவருக்குத் தெரியாது. பட்டனை அமுக்கத் தெரியும், அமுக்கினது எங்கே போகும்னு தெரியாது. இந்தப் பட்டறையில இருக்கிற யாரும் அந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க. நீ இல்ல, சுருட்டை இல்ல, டீச்சர் கனவுல கூட இல்ல."

டீச்சர் அடக்கிவைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டார். எல்லாக் கண்களும் வாசலில் இருந்த சைக்கிள் கடைக்காரர்மேல் திரும்பின.

"அந்த வெண்ணெய் நிற உடம்பைப் பாருங்க" என்றார் மாமியார். "கிரீஸ் கை பட்டிருந்தா ஆமை வரிக்குதிரை ஆகியிருக்கும். மாப்ளே, நீங்க கொஞ்சம் வந்து மேசைகிட்ட உக்காருங்க. கண்ணு, நீ கேமராவைப் பாரு."

மாப்பிள்ளை உட்கார்ந்தான். திரையில் ஆமையின் முகம் பளிச்சென்று வெளுத்தது. அவன் பின்னால் சாய்ந்தான், மங்கியது. குனிந்தான், வெளுத்தது.

"ஐயோ அத்தை!" என்று அலறினான். "நான் மருந்துக்கடை மாடியிலதான் இருந்தேன்! தூங்கிட்டு இருந்தேன், சத்தியமா!"

"தூங்கினது எனக்குத் தெரியும். நான் சொல்றது உங்க சட்டையை. வெள்ளைச் சட்டை. விளக்கு வெளிச்சம் அதுல பட்டு ஆமை மேல அடிக்குது. அதனாலதான் இந்த வேலை பாக்கறவங்க கறுப்புக் கோட்டு மாட்டிக்கறாங்க. துக்கத்துக்கு இல்ல. சரியா கண்ணு?"

"ஆமா மேடம்! பர்ஸ்ட் நாளே டீச்சர் சொல்லிக் கொடுத்தது அதான்!"

"இங்கே கறுப்பு, கரும்பச்சை, கருநீலம் எல்லாம் இருக்கு. வெள்ளை ரெண்டே சட்டைதான். ஒண்ணு என் மாப்பிள்ளைது." மாமியார் குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தினார். "கத்தரிக்கோலுக்கே ரத்து பண்ணின மனுஷர் இன்னிக்கி 'விட்டுடலாம்'ங்கறார். சுருக்கமே ஆகாத சட்டையோட கை முழங்கைக்கு மேல சுருண்டு கிடக்குது. சார், கொஞ்சம் இறக்கி விடுறீங்களா?"

இஸ்திரி மெதுவாகச் சட்டைக் கையை இறக்கினார். மணிக்கட்டுப் பட்டனைச் சுற்றிலும் வெண்ணெய் நிறத்திலும் பச்சையிலும் களிமண்.



"காலையில அந்தப் பொண்ணு, 'ஒரு தடவை அமுக்கிப் பாருங்க சார்'னு பட்டனைக் காட்டிச்சு" என்றார் இஸ்திரி. "கௌரவம் பாத்து வேண்டாம்னுட்டேன். எல்லாரும் போனதும் கை சும்மா இருக்கல. ஒரே ஒரு தடவை திரும்பிப் பாக்க வைப்போம்னுதான் உக்காந்தேன். அப்புறம் நேரம் போனதே தெரியல. நான் இதுவரைக்கும் எதையும் செஞ்சதில்லைங்க. செஞ்சவங்களுக்கு மார்க் மட்டும் போட்டிருக்கேன்." மௌனியைப் பார்த்தார். "நீ என் பழியை ஏத்துக்கிட்டப்பதான் ரொம்ப வெக்கமாப் போச்சு தம்பி. இனிமே ரிப்போர்ட்ல என்ன எழுதறது?"

"நடந்ததை எழுதுங்க" என்றார் மாமியார். "எழுதறதுக்கு முன்னாடி போன்ல சொல்லிடுங்க. ஆறப்போட்டா தைரியம் போயிடும்."

இஸ்திரி எல்லோர் முன்னிலையிலும் அறக்கட்டளையின் தலைமை அதிகாரியம்மாவை போனில் அழைத்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ஆமை படுத்ததைச் சொல்லும்போது மட்டும் குரலில் லேசாகப் பெருமை எட்டிப்பார்த்தது.

"கடைசித் துண்டு என்னோடது மேடம், அதை வெட்டிட்டா மீதி மொத்தமும் பிள்ளைங்களோடது. என் மேல நடவடிக்கை எடுங்க, அவங்க மேல வேண்டாம். இன்னொண்ணு. இந்தத் திட்டம் ஒருத்தரைப் புதுசா எதையாவது செய்யத் தூண்டுதான்னு பாத்துட்டு வரச் சொன்னீங்க. ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்துல என்னையே தூண்டிடுச்சு. இதுக்கு மேல ஒரு சாட்சி எங்க கிடைக்கும்?"

அந்தப் பக்கத்திலிருந்து போனைத் தாண்டி அறை முழுக்கக் கேட்கும்படி ஒரு சிரிப்பு.

அடுத்த வாரமே நிதி வந்துவிட்டது. கண்டிஷனில் மட்டும் புதிதாக ஒரு வரி: மதிப்பீட்டாளரைப் பொம்மையோடு தனியாக விட்டுவிட்டு யாரும் சாப்பிடப் போகக்கூடாது. சைக்கிள் கடைக்காரர் டயரைக் கடைக் கூரையிலேயே தொங்கவிட்டுக்கொண்டார். மௌனிக்காக அவ்வப்போது மணி, ஹார்ன், காற்று இறங்கும் சத்தம் என்று இலவசமாகக் கொடுக்கிறார். பிள்ளைகள் அறக்கட்டளைக்கு ஒரு படமும், தங்களுக்கு ஒரு படமுமாக எடுத்துவைத்தார்கள். இரண்டாவதன் முடிவில் ஒரு வரி ஓடும்: "சட்டை கழற்றும் காட்சி: புது மாணவர். வயதைக் கேட்கக் கூடாது." அந்த மாணவர் விடுமுறை நாள்களில் கசங்கிய கறுப்புச் சட்டையில் வருகிறார். இஸ்திரி என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

மாமியார் கூலியாகக் கேட்டு வாங்கியது ஒரு களிமண் ஆமை. மருந்துக்கடை மாடியில், பென்சிலுக்குப் பக்கத்தில் அது நிற்கிறது. ஆமை புகுந்த அலுவலகம் நன்றாகவே உருப்படுகிறது; வழக்குகள் வந்தபடி இருக்கின்றன.

ஒன்றுதான் மாப்பிள்ளைக்கு உறுத்தல். ஒவ்வொரு நாளும் அவன் மதியத் தூக்கம் கலைந்து பார்க்கும்போது ஆமை நூலளவு நகர்ந்திருக்கிறது. நேற்று பென்சிலை எட்டிப் பார்த்தது. இன்று ஒரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்திருக்கிறது. எதிரே மாமியார் ஒன்றும் அறியாதவர் போல உட்கார்ந்திருக்கிறார், மடியில் ஒரு செல்போன், நகக்கண்ணில் பச்சைக் களிமண்.

மாப்பிள்ளைக்குக் குற்றவாளி யாரென்று தெரியும். தடயமும் கைவசம் இருக்கிறது. அவன் கண்களை மறுபடி மூடிக்கொண்டு, கொஞ்சம் பலமாகவே குறட்டை விட்டான். ஆமை பென்சிலைத் தாண்ட வேண்டாமா?