ஈரத்தார்

பிளாஸ்டர் இறுகவில்லை.

காலை ஒன்பதரைக்கு ஊற்றியது. முக்கால் மணி நேரத்தில் கல்லாகியிருக்க வேண்டும். பல்செட் செய்யும் அந்தக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக அவள் கையில் அது தப்பியதே இல்லை. மதியச் சாப்பாடு முடிந்து வந்து அச்சைப் பிரித்தபோது, முகம் தெரியாத ஒரு கிழவரின் மேல்தாடை அவள் கட்டைவிரலுக்குக் கீழே கொழகொழவென்று அமுங்கியது. எடுத்தபோது விரலோடு ஒரு இழை நீண்டு வந்தது.

பக்கத்து மேசையில் அதே மூட்டையில் அள்ளி, அதே குழாய்த் தண்ணீரில் கலந்த ஐந்து தாடை மாடல்கள் பளிங்கு மாதிரி நின்றன.

"என்னக்கா, பல்லு கட்டறீங்களா, பசை காய்ச்சறீங்களா?" என்றாள் அந்த மேசைக்காரி.

அவள் சிரித்து வைத்தாள். கையைக் கழுவினாள். சோப்பு போட்டு இன்னொரு முறை கழுவினாள். விரல்களை மூக்கருகே கொண்டு போனபோது சோப்பு வாசனைக்கு அடியில் இன்னொன்று இருந்தது. தூங்கி எழுந்து இன்னும் பல் விளக்காத வாய்க்குள் இருக்கும் அந்த வெதுவெதுப்பான, புளித்த வீச்சம்.

அந்த வீச்சம் அவளுக்குப் பழக்கம்தான். பல் டாக்டர்களிடமிருந்து வரும் அச்சுகளில் ஊரார் எச்சில் ஒட்டிக்கொண்டுதான் வரும். இத்தனை வருடம் ஆகியும் முதல் அச்சைப் பிரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டு கையுறை போட்டுக்கொள்வாள். உலகத்தில் அவள் மனம் எதற்காவது ஒருபோதும் குனியாது என்றால், அது எச்சிலுக்குத்தான்.

அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள்.

போன மாதம் பிரார்த்தனைக் குழுவில் ஒரு தாய் அழுதிருந்தாள். கல்லூரிப் பிள்ளைகள் கூடி உட்கார்ந்து ஏதோ ஆட்டம் ஆடுகிறார்களாம். ஒருத்தன் மந்திரவாதியாம், ஒருத்தன் வாள்காரனாம், இல்லாத தெய்வங்களைக் கும்பிடுகிறார்களாம். நம்பிக்கை உள்ள வீட்டில் இது அடுக்குமா? குழுவை நடத்துகிற பெரியக்கா, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, கையை உயர்த்தி எல்லோரையும் அமர்த்தினாள். பிறகு, பல்செட் செய்யும் இவளைப் பார்த்தாள்.

"உன் பொண்ணும் ஆடறா இல்ல? நீயே உக்காந்து ஆடிப் பாரு. மூணு சனிக்கிழமை. அப்புறம் எழுந்து நின்னு சொல்லு, ஆடலாமா கூடாதான்னு. நீ சொன்னா நாங்க கேட்டுக்கறோம்."

ஏன் அவள் என்று யாரும் கேட்கவில்லை. குழுவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கண்ணை மூடிக் 'கடவுளே' என்றால் அறையே அமைதியாகிவிடும். கணவர் போன பிறகு அவளைத் தூக்கி நிறுத்தியது அந்த ஒரு வார்த்தைதான். அவளுடையது என்று அவளுக்கு இருந்ததும் அதுதான்.

முதல் சனிக்கிழமை, சாப்பாட்டு மேசையைச் சுற்றி மகளும் அவளுடைய இரண்டு நண்பர்களும். ஒருவனை நெட்டை என்பார்கள், இன்னொருத்தியைக் கண்ணாடி. கதையை நடத்துபவள் மகள். அம்மாவுக்குக் காயம் ஆற்றும் துறவி வேடம் கொடுத்து, ஒரு தாளை நீட்டினாள். தாளில் ஒரு வரி: வழிபடும் தெய்வம்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "கடவுள் பேரை இதுல எழுத மாட்டேன்."

"யாரும்மா எழுதச் சொன்னா? சும்மா ஒண்ணை உண்டாக்கு."

அவள் யோசித்தாள். அழகான, அன்பான ஒன்றை உண்டாக்கினால் மனம் கொஞ்சமாவது அதன் பக்கம் சாய்ந்துவிடும். அது பாவம். எனவே தன் மனம் எதைக் கண்டு சுருங்குமோ அதை எடுத்தாள். கண் இல்லாதது. எலும்பு இல்லாதது. நாக்கின் வேரில் குடியிருப்பது. காணிக்கையாக வார்த்தை கேட்காது, பூ கேட்காது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் போதும்.

"பேரு?"

"ஈரத்தார்."

"ஐயே!" என்று கண்ணாடி காலை நாற்காலி மேல் தூக்கிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, மத்தியானம் சாப்பிட்டதெல்லாம் எழுந்து வருது. இப்படி ஒரு சாமியை யாரு கும்பிடுவா?" என்றான் நெட்டை.

"யாரும் கும்பிடக் கூடாதுன்னுதான்," என்றாள். கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இரண்டாம் சனிக்கிழமை, கதையில் நெட்டையின் வாள்காரன் வயிறு கிழிந்து கிடந்தான். "ஆன்ட்டி, உங்க ஆளைக் கூப்பிடுங்க, சாகறேன்," என்று மேசை மேல் சாய்ந்து நடித்தான். 'கூப்பிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பகடையை உருட்டியிருந்தால் ஆட்டத்துக்கு அது போதும். பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள்.

அவளுக்கு அப்படிச் செய்யத் தெரியவில்லை. இருபது வருடத்தில் ஒரு பிரார்த்தனையையும் அவள் ஒப்புக்குச் செய்ததில்லை. கண்கள் தாமாக மூடின. குரல் தாழ்ந்தது. அடுத்தவர் வலிக்காகக் கேட்கும்போது நெஞ்சில் எப்போதும் திறக்கும் அதே கதவு திறந்தது, பழகிய வார்த்தைகள் பழகிய வரிசையில் வந்தன. பெயர் மட்டும் வேறு.

கண்ணைத் திறந்தபோது யாரும் சிரிக்கவில்லை. இருபது முகப் பகடையை உருட்டினாள்; அதிலேயே பெரிய எண்ணான இருபது விழுந்தது. அடுத்த முறையும் இருபது. அன்று ஐந்து முறை கூப்பிட்டாள். ஐந்து முறையும் இருபது.

"ஆன்ட்டி, பகடையை மந்திரிச்சு வச்சிருக்கீங்களா?"

அவள் சந்தோஷப்பட்டாள். அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. இத்தனை வருடக் கண்ணீருக்கு இவ்வளவு உடனே யாரும் பதில் சொன்னதில்லை.

அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் பிளாஸ்டர் இறுகாமல் போனது.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், கட்டிலருகே எப்போதும் போல் முழங்கால் போட்டாள். ஜன்னலில் வெயில் இன்னும் மஞ்சளாக இருந்தது, கீழே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள், பக்கத்து அறையில் மகள் போனில் சிரிக்கும் சத்தம் சுவர் வழியாக மெல்லக் கசிந்தது. எல்லாம் நேற்றைப் போலவே இருந்தன.

"கட..."

வாய் நிறைந்தது.

விழுங்கினாள். மறுபடி தொடங்கினாள். மறுபடி நிறைந்தது. பல்லுக்குப் பின்னால், நாக்குக்கு அடியில், கன்னங்களின் உள்ளே வெதுவெதுவென்று ஊறி, உதட்டை முட்டியது. எழுந்து ஓடிப்போய்க் கைகழுவும் தொட்டியில் துப்பினாள். விழுந்தது நுரை இல்லை. கெட்டியான, சாம்பல் நிற இழை. அது அறுபடவில்லை. விரலால் பிடித்து இழுத்தாள். வந்தது. ஒரு சாண். ஒரு முழம். வழவழவென்று, உடம்புச் சூட்டோடு வந்துகொண்டே இருந்தது. இழுக்க இழுக்கத் தொப்புளுக்குப் பின்னால் ஏதோ ஒன்று இழுபட்டது.

நகம் வெட்டும் கத்தரியால் வெட்டினாள்.

தொட்டியில் விழுந்த துண்டு, தண்ணீர் போகும் ஓட்டைப் பக்கம் போகவில்லை. தொட்டிச் சரிவில் மேலே ஏறியது. அவள் பக்கம்.

அவள் பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டாள். அந்தத் திகிலில், கூப்பிடாமலே, வெறுமனே மனதுக்குள் அந்த இன்னொரு பெயர் வந்து போனது. உடனே வாய் உலர்ந்தது. சுத்தமானது. நெஞ்சில் ஒரு குளிர்ச்சி இறங்கி, தோள்கள் தளர்ந்தன. கேட்டது கேட்கப்பட்டுவிட்டது என்ற நிம்மதி. இருபது வருடமாக அவள் பிரார்த்தனையின் முடிவில் வந்து அமரும் நிம்மதி.

அச்சு அசல் அதே நிம்மதி. அதுதான் அவளை வாந்தி எடுக்க வைத்தது.

மூன்றாம் சனிக்கிழமை மேசைக்கு வந்து உட்காராமலே சொன்னாள். "என் துறவியைக் கொன்னுடு."

"அம்மா, நீ இல்லைன்னா இந்த ரெண்டும் அஞ்சு நிமிஷத்துல போய்ச் சேர்ந்துரும்."

"கொல்லுன்னு சொல்றேன் இல்ல."

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் விளையாட்டுப் பேச்சு நின்றது. "சரி. குகை இடிஞ்சு மேல விழுது. இருபது விழுந்தா மட்டும்தான் பிழைப்ப. உருட்டு."

இருபது.

கண்ணாடி வாயைப் பொத்திக்கொண்டாள். "பகடையே வேணாம்," என்று மகள் வேகமாகச் சொன்னாள். "செத்துட்டம்மா. நான்தானே கதை சொல்றேன்? முடிஞ்சுது." தாளை எடுத்து இரண்டாக, நான்காக, எட்டாகக் கிழித்தாள். கிழிக்கும்போது சத்தம் வரவில்லை. மேசையில் விழுந்தவை மென்று துப்பியது போல் உருண்டைகளாகக் கிடந்தன. நெட்டை ஒன்றைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக் காற்சட்டையில் துடைத்தான்.

"அம்மா, இது வெறும் கதைம்மா," என்றாள் மகள், மெதுவாக. "இந்த மேசையில யாரும் எதையும் கும்பிடல."

"நீங்க கும்பிடல."

"அப்புறம் என்ன?"

"நான் கும்பிட்டேன்டி."

ஞாயிறு மாலை மகள் அவளைத் தனியாக விடவில்லை. கடவுள் இல்லை என்று வீட்டிலேயே சொல்கிற பெண், அம்மா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்பதற்காகக் கையைப் பிடித்துக் குழு கூடும் மாடிக் கூடம் வரை வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டாள்.

மகளை அங்கேயே விட்டுவிட்டு, அவள் பெரியக்காவை ஓரமாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கைக்குட்டையை உதட்டில் ஒற்றி ஒற்றிச் சொன்னாள். கைக்குட்டை சொட்டியது. கடவுள் என்று சொல்ல முடியவில்லை என்பதைச் சொல்லக்கூட முடியவில்லை. மேலே விரலைக் காட்டினாள்.

பெரியக்கா பயப்படவில்லை. அவள் தோளைத் தட்டினாள். "இதுக்கா இப்படி உருகிப் போயிட்டே? கும்பிடத் தெரியாதவங்க பொய்யாக் கும்பிட்டா ஒண்ணுமில்ல. நமக்குப் பொய்யாக் கும்பிட வராது. நம்ம குறை அதுதான். இனி நம்ம வீட்டுல யாரும் இதை ஆட வேணாம், அவ்வளவுதானே? சொல்லிடறேன். நீ வாயே திறக்காத. இன்னிக்கு உனக்காக நாங்க கேக்கறோம்."

எல்லோரிடமும் பெரியக்காவே சொன்னாள். அவளுக்காகப் பன்னிரண்டு பேர் முழங்கால் போட்டார்கள். கண்களை மூடினார்கள்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். முடியவில்லை. அவள் வாய் விளிம்பு வரை நிறைந்திருந்தது. உதட்டைப் பல்லால் கவ்விப் பிடித்திருந்தாள்.

மின்விசிறி சுழன்றது. ஊதுபத்தி வாசனைக்கு அடியில் அந்த வீச்சம் எழுந்தது.

"எங்கள் கட..." என்று பெரியக்கா தொடங்கினாள்.

நின்றாள்.

விழுங்கும் சத்தம் கேட்டது. மறுபடி. பின் வரிசையில் ஒன்று. ஜன்னலருகே ஒன்று. பன்னிரண்டு தொண்டைகள். மாறி மாறி. பிறகு ஒரே தாளத்தில்.

பிறகு யாரும் விழுங்கவில்லை.

தலைகள் பின்னால் சாய்ந்தன. வாய்கள் திறந்தன. கன்னங்கள் வழியாக, கழுத்து வழியாக, நல்ல உடைகளின் மேல் சாம்பல் நிறத்தில் வழிந்தது. பெரியக்காவின் கீழ்ப்பல்செட், இவள் கையால் செய்தது, மெல்ல மிதந்து முன்னால் வந்து, உதட்டைத் தாண்டி, ஒரு இழையில் தொங்கி ஆடியது. பெரியக்கா அதைப் பிடிக்கவில்லை. யாருக்கும் மூச்சு முட்டவில்லை. யாரும் இருமவில்லை.

எல்லா முகத்திலும் நிம்மதி.

முழங்கையை யாரோ பற்றினார்கள். மகள். எதையும் கும்பிடாத பெண். அவள் உதடுகள் மட்டும் உலர்ந்து, சுத்தமாக இருந்தன. அந்தக் கூடத்தில் அவள் ஒருத்தியை மட்டும் எதுவும் தொடவில்லை.

"அம்மா, வா. ஓடிரலாம். அம்மா!"

நீ ஓடு. அதை மட்டும் சொல்ல வேண்டும். நீ ஓடுடி.

அவள் மகள் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை.

மூடிய கண்களோடு பன்னிரண்டு முகங்களும் அவள் பக்கம் திரும்பின. நாக்கின் வேரில் ஏதோ புரண்டது. எழுந்தது. அவசரமில்லாமல் முன்னால் நகர்ந்தது. பற்களை உள்ளிருந்து தடவிப் பார்த்தது. பிறகு அவற்றுக்கு நடுவில் வந்து, வெளிச்சத்தில், நின்றது.

மகள் கத்தவில்லை. அவள் பார்வை அம்மாவின் வாயை விட்டு நகரவில்லை. பிடித்திருந்த கை மெல்ல நழுவியது.

அந்தப் பன்னிரண்டு பேரைப் போலவே, மகள் மெல்ல முழங்கால் போடத் தொடங்கினாள்.