பேரெடைப் பிரிவு

ஐம்பத்தெட்டு கிலோ இன்னாசி, நூற்று நாற்பத்தாறு கிலோ தேசிங்கைக் கயிற்றோரம் ஒதுக்கி வைத்துத் துவைத்துக்கொண்டிருந்தபோது, ராயபுரம் குத்துச்சண்டை அரங்கத்தில் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் சுண்டல் பொட்டலத்துக்குள் மாங்காய்த் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

சமனுறை வந்ததிலிருந்து இப்படித்தான்.

அந்தக் கையுறைக்குள் ஒரு பாகு இருக்கிறது. மேடையின் தரை இருவருடைய எடையையும் அளந்து உறைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பெரியவன் குத்தினால் பாகு இளகும். சின்னவன் குத்தினால் இறுகும். யார் குத்தினாலும் எதிராளி மேல் விழுவது ஒரே அளவு அடிதான். தேசிங்கு ஒரு குத்து விடுவதற்குள் இன்னாசி நான்கு விட்டுவிடுவான். குறி பார்க்கும் சிரமமும் அவனுக்கு இல்லை. தேசிங்கு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பக்கமெல்லாம் தேசிங்காகவே இருந்தான்.

மணி அடித்தது. வழக்கம்போலத் தோல்வி.

"இன்னா மாமே, உடம்பு நோவுதா?" என்றான் இன்னாசி.

"எங்க நோவுதுன்னு தேடணும் மச்சி. ஏரியா பெருசு."

பிறகு ராஜிக்குத்து. அந்த வட்டாரத்துக்கே உரிய வழக்கம் அது. தோற்றவன் உறையைக் கழற்றி, வெறுங்கையால் ஜெயித்தவனின் தோளில் ஒரே ஒரு குத்து விட வேண்டும். அதோடு சண்டை முடிந்தது; வெளியே போய் யாரும் அதைப் பேசக் கூடாது. குத்த மறுத்தால் மனதில் பகை வைத்திருப்பதாக அர்த்தம். அப்படி மறுத்ததால் கல்யாணப் பத்திரிகை நின்றுபோன குடும்பங்கள் அங்கே உண்டு.

தேசிங்கு பட்டும் படாமலும்தான் குத்தினான். இன்னாசி இரண்டடி பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னிக்குக் கொஞ்சம் காரமா கீது," என்று சொல்லிச் சிரித்தான். அரங்கமும் சிரித்தது. தேசிங்கு மட்டும் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சமனுறைக்கு முன்னால் அவன் கதை வேறு. அப்போது கன எடைப் பிரிவுக்குக் கீழ் வரம்பு உண்டு, மேல் வரம்பு கிடையாது. தொண்ணூற்றைந்து கிலோக்காரனும் தேசிங்கும் ஒரே பிரிவு. மிகப் பெரியவர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டுமா வேண்டாமா என்று குத்துச்சண்டைக் கழகம் வருடக்கணக்கில் விவாதித்தது. அவனோடு மோத வந்தவர்களுக்கு அவனைப் பார்த்ததும் வயிற்றுவலி வந்தது. எதிராளியே இல்லாமல் பல வருடம் உட்கார்ந்திருந்தான். சமனுறை வந்ததும் எல்லா எடைப் பிரிவுகளையும் எடுத்துவிட்டார்கள். விவாதமும் குப்பைக்குப் போயிற்று.

புது உறையோடு ஆடிய முதல் சண்டையை அவன் மறக்கவே மாட்டான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டாகத் தட்டி ஒருவனின் பல்லை உடைத்த நாளிலிருந்து கையில் ஒரு பிரேக்கைப் போட்டுக்கொண்டே வாழ்ந்தவன் அவன். அன்றுதான் முழு பலத்தோடு ஒரு மனிதனைக் குத்தினான். குத்து வாங்கியவன் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான். உடைமாற்றும் அறையில் தேசிங்கு குலுங்கிக் குலுங்கி அழுதான். யாரோ எட்டிப் பார்த்ததும், கண்ணில் வியர்வை என்றான். அவ்வளவு வியர்வைக்கு அவன் உடம்பில் இடம் இருந்ததால் நம்பிவிட்டார்கள்.

அவன் முட்டை வியாபாரி. பறவி என்கிற ஆளில்லாக் குட்டி விமானங்கள் வீடு வீடாகப் பறந்து சாமான் போடும் காலத்திலும், முட்டையை அடுக்குவதற்கு மட்டும் ஆள் தேவைப்பட்டது. யானை போன்ற ஆள், ஒரு கையில் ஆறு முட்டையை அள்ளி, சத்தமில்லாமல் அட்டையில் உட்கார வைப்பான். அதை வேடிக்கை பார்க்கவே கடைக்கு வருவார்கள்.

ஒரு நாள் அந்தக் கையில் ஒரு முட்டை உடைந்தது.

"கோழிக்குக் கால்சியம் பத்தல," என்றான்.

பிறகு குழாயின் திருகு கையோடு வந்தது. பல் துலக்கும் பிரஷ் ஒடிந்தது. கோழியின் மேல் பழி போட முடியாத சாமான்களாக உடையத் தொடங்கின. ஒரு நாள் ரோட்டைக் கடக்க மனைவி ரூபாவதியின் கையைப் பிடித்தான். மறுநாள் அவள் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு நின்றாள்.

"இன்னாது இது, இந்த வெயில்ல?"

"பீரோல இட்சிக்கினேன்யா."

கையை இழுத்துப் பார்த்தான். மணிக்கட்டைச் சுற்றி நான்கு விரல்களும் நீலமாகப் பதிந்திருந்தன. பீரோவுக்கு விரல் கிடையாது. அன்றிரவு கட்டிலை அவளுக்கு விட்டுவிட்டுத் தரையில் படுத்தான். அதற்குப் பிறகு அவளைத் தொடவில்லை.

கழகத்துக்குப் போனான். தலைவி மரகதவல்லிதான் சமனுறையைக் கண்டுபிடித்தவர். அவருடைய தம்பி, தன்னைவிடப் பெரிய ஒருவனின் குத்தில் பேச்சிழந்தவன். அதற்காகவே பத்து வருடம் உட்கார்ந்து அந்தப் பாகைக் காய்ச்சியவர்.

"எனக்குத் தனிப் பிரிவு வோணும் மேடம். நூத்தி இருவது கிலோக்கு மேல கீறவங்களுக்கு மட்டும். சமனுறை வோணாம், பழைய பஞ்சு உறை போதும்."

கமிட்டியில் ஒருவர், "யானை வந்து எறும்புகிட்டேருந்து பாதுகாப்பு கேக்குதே!" என்றார். தேசிங்கும் சேர்ந்து சிரித்தான். நல்ல ஜோக்கை வீணாக்குவது அவனுக்குப் பிடிக்காது.

"தோத்துத் தோத்து அலுத்துப்போச்சா, தேசிங்கு?" என்று பரிவாகக் கேட்டார் மரகதவல்லி.

"தோக்கறது பழகிடுச்சு மேடம். என் கை மறந்துபோச்சு, அதான். பஞ்சு உறையில குத்தினா, எவ்ளோ வலிச்சிதுன்னு எதிராளி மூஞ்சில தெரியும். அத்தப் பாத்துப் பாத்துதான் கை அளவு கத்துக்கும். இப்ப எவ்ளோ குத்தினாலும் அவன் சிரிக்கிறான். கை அத்த நம்பிடுச்சு மேடம். வீட்லயும் நம்புது."

மரகதவல்லி விண்ணப்பத்தை மூடி வைத்தார்.

"இந்த உறை வந்ததுக்கப்புறம் மேடையிலேருந்து ஒருத்தர்கூட ஆஸ்பத்திரிக்குப் போகல. உங்க கை கத்துக்கறதுக்காக யாருக்காவது வலிக்கட்டும்னு நான் விதி போடணுமா?"

நியாயமான கேள்வி. விண்ணப்பம் தள்ளுபடி ஆனது.

அடுத்த சண்டையும் இன்னாசியோடு. அதுவும் தோல்வி. ராஜிக்குத்துக்காக இன்னாசி தோளைக் காட்டிக்கொண்டு வந்து நின்றான். தேசிங்கு உறையைக் கழற்றவில்லை.

"வோணாம் மச்சி."

சுண்டல்காரர் பக்கத்திலிருந்து தட்டுச் சத்தம்கூட வரவில்லை.

"இன்னா மாமே, எம்மேல எதுனா கோவமா?" இன்னாசியின் முகத்தில் சிரிப்பு இல்லை. "என் கல்யாணத்துல தாலி எடுத்துக் குட்தவன் நீ. எல்லார் முன்னாடியும் இப்படிப் பண்றியே?"

"கோவம் இல்லடா. கை சரியில்ல."

"கை சரியில்லன்னா தொட்டுட்டுப் போ. முட்டை எடுக்கற மாதிரி எட்தா போதும்."

அத்தனை கண்களும் பார்த்துக்கொண்டிருந்தன. தேசிங்கு உறைகளைக் கழற்றினான். முட்டையைத்தான் நினைத்துக்கொண்டான். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டான். முட்டை எடுப்பதுபோலவே கையை நீட்டினான். அந்தக் கை இப்போது எப்படி முட்டை எடுக்கிறதோ, அப்படியே எடுத்தது.

இன்னாசியின் வலது தோள் உள்ளே போய்விட்டது.

எலும்புச் சில்லு ஒன்று நுரையீரலைக் குத்தியிருந்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் வலது கை இனி தூக்க வராது என்றார்கள். இன்னாசி டெய்லர். கத்தரி பிடிக்கிற கை அது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "கெலிச்சது நானு, ஞாபகம் வச்சிக்கோ," என்றான். ஜோக்குக்குப் பதில் ஜோக் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குள் சட்டம். தேசிங்குக்கு ஒன்றும் வரவில்லை.

கழகம் அவசரமாகக் கூடி, ஒரே மூச்சில் இரண்டு முடிவு எடுத்தது. ஒன்று, நூற்றிருபது கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்குப் பேரெடைப் பிரிவு. அதில் பஞ்சு உறை மட்டும். இரண்டு, அரசிடம் பேசி வாங்கிய ஆணை: அந்த எடைக்காரர்கள் மேடைக்கு வெளியே எப்போதும் தெரு உறை அணிய வேண்டும். இதுவும் சமனுறைதான், பக்கத்தில் இருப்பவரையும் பொருளையும் பார்த்தே எடையை அளந்துகொள்ளும் சின்னக் கண் ஒன்று கூடுதலாக இருந்தது. தேசிங்கு மாட்டிக்கொண்டு முட்டை அடுக்கினான். ஒன்றும் உடையவில்லை. கையில் இருப்பது முட்டையா கூழாங்கல்லா என்பதும் தெரியவில்லை.

பேரெடைப் பிரிவின் முதல் சண்டை. எதிராளி எண்ணூர் குணசீலன், நூற்று முப்பத்தொன்பது கிலோ. மரகதவல்லி வந்திருந்தார். முன்வரிசையில் இன்னாசி, கழுத்தில் தொட்டில் கட்டிய கையோடு.

"ரொம்ப நாளா எதிர்பாத்தியாண்ணே?" என்று மெல்லக் கேட்டான் குணசீலன்.

"வயசுக்கு வந்ததுலேருந்து. நீ?"

"எம்பையனத் தூக்கிப் போட்டுப் புடிச்சேன். விலா எலும்பு போச்சு. அதுலேருந்து அவன் கிட்டயே வர்றதில்ல."

மணி அடித்தது. இருவரும் கையைத் தூக்கினார்கள், சுற்றி வந்தார்கள். யாரும் குத்தவில்லை.

"அடி தம்பி. நான் தாங்குவேன்."

"நீ அடிண்ணே. நானும் தாங்குவேன்."

இருவரும் அடி வாங்கத்தான் வந்திருந்தார்கள். கூட்டம் ஊளையிட்டது. யாரோ சுண்டல் பொட்டலத்தை மேடைமேல் எறிந்தார்கள்.

"அடிடா மாமே!" இன்னாசி எழுந்து நின்று கத்தினான். "இதுக்குத்தான கேட்ட? அடிச்சாத்தான்டா கை கத்துக்கும்!"

தேசிங்கு முஷ்டியை ஓங்கினான். குணசீலன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தான். அந்த முகத்தின் இடத்தில் தேசிங்குக்குத் தெரிந்தது ஒரு தோள். முஷ்டி காற்றிலேயே நின்றது. மணி அடிக்கும்வரை நின்றது.

சமம் என்று அறிவித்தார்கள். தோற்றவன் இல்லாததால் ராஜிக்குத்தும் இல்லை. பணியாள் தெரு உறைகளைக் கொண்டுவந்தான். அவன் கேட்பதற்கு முன்பே இருவரும் குளிரில் நிற்பவர்களைப்போல் கைகளை நீட்டினார்கள்.

மரகதவல்லி எழுந்து வெளியே போனார்.

இன்னாசி மேடையோரம் வந்து, நல்ல கையை, அந்த இடது கையை, மேலே நீட்டினான். தேசிங்கு குனிந்து அதைப் பற்றினான். உறையின் கண் இன்னாசியை ஒரு முறை பார்த்தது. பாகு இளகியது.

இன்னாசி காத்திருந்தான்.

"கையப் புடிடா மாமே."

"புடிச்சிக்கினுதான்டா கீறேன்," என்றான் தேசிங்கு.