அச்சவேளை

இட்லி தின்றாகிவிட்டது. காபிக்கு முன்னால் பயப்பட வேண்டும்.

தணிகாசலம் வீட்டில் மூவரும் நாற்காலிகளைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். மனைவி கலைமணி ஈரக் கையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தாள். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் முல்லை பாதிப் பின்னலோடு உட்கார்ந்தாள். சுவர் இருண்டது. பிறகு படம் வந்தது.

நடிகை சாரங்கி தண்ணீர்த் தொட்டியில் மிதந்தாள். உதடுகள் கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தன. கழுத்தில் விரல்களின் தடம். ஈரப் புடவை உடம்போடு ஒட்டியிருந்தது.

மூவரின் மணிக்கட்டிலும் இருந்த நடுக்கப்பட்டை மெல்லச் சிவந்து நிரம்பியது.

"ஆச்சு" என்று கலைமணி எழுந்து காபி கலக்கப் போனாள்.

செவ்வாய்க் கிரகத்தில் இருந்த அந்தக் குடியிருப்புக்குப் புதுப்புகார் என்று பெயர். குவிமாடத்துக்குள் நாய் இல்லை. பாம்பு இல்லை. இடி இல்லை, லாரி இல்லை. பயப்பட எதுவும் இல்லாமல் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அச்சச் சுரப்பி சுருங்கிக்கொண்டே வந்தது. முதல் காற்றுக் கசிவின்போதுதான் அது தெரிந்தது. அபாயச் சங்கு ஊதியது. யாரும் ஓடவில்லை. சுவரில் விழுந்த விரிசலை வேடிக்கை பார்த்தபடி நின்று இறந்தார்கள்.

அதன் பிறகு அச்சவேளை சட்டமானது. காலையில் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அச்சப்படம். பட்டை நிரம்பினால்தான் வீட்டுக் கதவு திறக்கும்.

தெரியாத முகத்துக்கு நேர்வதைக் கண்டு யாரும் நடுங்குவதில்லை. ஆகவே புகழ்பெற்றவர்கள் தங்கள் முகத்தைத் தானமாகக் கொடுத்தார்கள். முகக்கொடை என்றார்கள் அதை. ரத்ததானம் போல அது மரியாதைக்குரிய காரியம். சாரங்கியும் ஒரு பிறந்தநாளில் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அச்சப்பட நிலையத்தின் தலைமை ஓவியர் தணிகாசலம். நடிகர்களையும் வரைந்தார், நடிகைகளையும் வரைந்தார். நடிகர்களின் கையில் கத்தி இருக்கும். நடிகைகளின் உடம்பில் இருக்கும். அவர் அதை யோசித்துச் செய்ததில்லை. அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் வரைந்தார்.

அந்த மாதம் மேற்குக் கிடங்கில் காற்று கசிந்தது. பெண்கள் முதல் சத்தத்திலேயே ஓடித் தப்பினார்கள். இறந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். அவர்களில் ஒருவன் நாவரசு, கலைமணியின் தம்பி. கண்காணிப்புப் பதிவில் அவன் ஒரு மூட்டையை இடுப்பில் அணைத்தபடி தலையைச் சாய்த்து விரிசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று காலையும் அவன் பட்டை நிரம்பியிருந்தது.

கலைமணி அந்தப் பதிவை ஒரு முறை பார்த்தாள்.

"நம்ம படத்தைத்தானே அவனும் பாத்தான்?" என்றாள்.

"ஆமா."

"அப்புறம் ஏன் ஓடல?"

தணிகாசலத்துக்குப் பதில் தெரியவில்லை. அப்போது உண்மையாகவே தெரியவில்லை.

பதிலைத் தேடியவர் மருத்துவ அதிகாரி ஜெனோவா. அவர் பொதுக்கூடத்தில் புதிய பட்டைகளை விநியோகித்தார்.

"பழைய பட்டைக்கு நாடி ஏறினது மட்டும்தான் தெரியும். எதுக்காக ஏறிச்சுன்னு தெரியாது. இது பிரிச்சுக் காட்டும். பயந்தா நீலம். ரசிச்சா மஞ்சள்."

"பேய்ப் படத்தை எவன் டாக்டர் ரசிப்பான்?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். கூடம் சிரித்தது. தணிகாசலமும் சிரித்தார்.

மறுநாள் காலை நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். அன்றும் சாரங்கிதான். படிக்கட்டில் தலைகீழாகக் கிடந்தாள். தணிகாசலம் மிகவும் சிரத்தையோடு வரைந்த படம் அது. முழங்காலுக்கு மேல் விலகிய புடவையின் மடிப்புகளை மட்டும் ஒரு நாள் முழுக்க வரைந்திருந்தார்.

கலைமணியின் பட்டை நீலமானது. முல்லையின் பட்டை நீலமானது.

தணிகாசலத்தின் பட்டை எலுமிச்சம்பழம் போல மஞ்சளாக ஒளிர்ந்தது.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். வேட்டியின் வெள்ளையில் மஞ்சள் படர்ந்தது. இன்னொரு கையால் மூடினார். விரலிடுக்கில் தெரிந்தது.

"அப்பா, உங்களுது ரிப்பேர் போல" என்றாள் முல்லை. சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. பின்னலை முடிக்காமலே எழுந்து அறைக்குப் போனாள்.

கலைமணி படத்தைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். காபி கலக்க அன்று யாரும் எழுந்திருக்கவில்லை.

தெருவில் ஆண்கள் பட்டை ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டு கையைச் சட்டைப்பைக்குள் விட்டபடி நடந்தார்கள். பழக்கமானவர்கள் கண்டும் காணாததுபோல் போனார்கள். முழுக்கைச் சட்டை அன்று மாலைக்குள் கடைகளில் தீர்ந்துவிட்டது.

ஜெனோவா அவரை அழைத்தார். அறையில் வேறு யாரும் இல்லை.

"இத்தனை வருஷமா ஆம்பளைங்களுக்கு மருந்தே போகல, சார். மருந்துன்னு நெனச்சு வேற எதையோ குடுத்திருக்கோம். அடுத்த கசிவு எப்ப வரும்னு தெரியாது. அவங்க பயப்படுற மாதிரி ஒரு படம் வேணும்."

"முயற்சி பண்றேன்."

"நீங்களே போட்டுப் பாத்துக்கலாம். ஆள் தேட வேண்டாம்" என்றார் ஜெனோவா. அவர் குத்திச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

தணிகாசலம் வரைந்தார். இன்னும் ரத்தம் சேர்த்தார். தோலை உரித்தார். மஞ்சள். புகழ்பெற்ற வில்லன் நடிகரைப் பத்துக் கைகளோடு வரைந்தார். அதற்கும் மஞ்சள்தான். பார்க்கும்போது தானே அந்தக் கத்திகளைப் பிடித்திருப்பதாகத் தோன்றியதை அவர் கவனித்தார். அந்தப் படத்தை அழித்தார்.

சாரங்கி நிலையத்துக்கு வந்தபோது அவர் வெறும் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவளை நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை. வரைந்ததைவிடக் குள்ளமாக இருந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள்.

"முகத்தைத் திரும்ப வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள்.

அவர் எழுந்து நின்றார். சட்டைக் கையை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டார்.

"நீங்கதான் ஓவியரா? உங்க கையால நான் நிறைய தடவை செத்திருக்கேன், சார். ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம், வலிக்குதாம்மான்னு."

"மருத்துவக் காரியம்னுதான்..."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ரத்தம் குடுத்தா பிஸ்கட்டாவது தருவாங்க." அவள் உட்கார்ந்தாள். "காட்டுங்க, எல்லாத்தையும் பாக்கணும்."

அவர் காட்டினார். படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து போயின. தான் வரைந்த பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தான் வரைந்ததைப் பார்ப்பது இப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நடுவில் நிறுத்தப் போனார்.

"நிறுத்தாதீங்க. எனக்கு ஒரு சந்தேகம். செத்து அழுகினதுக்கப்புறமும் உதட்டுச் சாயம் கலையலையே. எந்தக் கம்பெனி?"

அவர் தரையைப் பார்த்தார்.

"இன்னொண்ணு. எதுலயும் எனக்குக் கண்ணே இல்லையே."

அவர் நிமிர்ந்தார். உண்மைதான். ஒன்றில் கண்கள் தைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் வெறும் குழி. ஒன்றில் வெள்ளை விழி. மற்றவற்றில் கூந்தல் மறைத்திருந்தது. இத்தனை படங்களில் ஒன்றில்கூட அவள் பார்க்கவில்லை. நகங்களையும் கால்விரல்களையும் தனித்தனியாக வரைந்தவர், இதை எப்போதும் விட்டிருந்தார்.

"கடைசியா ஒண்ணு வரைங்க" என்றாள் சாரங்கி. "இப்படியே, கண்ணாடியோட. நீங்க எப்பவும் பாக்குற மாதிரி என்னைப் பாருங்க. நானும் உங்களைப் பாக்குறேன்."

அவள் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தன்னைக் கொன்றவனைப் பார்த்தாள்.

தணிகாசலம் கண்களிலிருந்து தொடங்கினார். அவற்றை முடித்து, மேலே மூக்குக்கண்ணாடியை வரைந்தார். முதுகு வியர்த்தது. சட்டைக் கைக்குள்ளிருந்து நீல ஒளி கசிந்தது.

"ரிப்பேர் சரியாயிடுச்சு போல" என்றாள் அவள்.

அந்தப் படம் மறுநாள் எல்லா வீடுகளுக்கும் போனது. மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறாள். அவ்வளவுதான். பெண்களின் பட்டையில் நிறமே வரவில்லை; அவர்களுக்குப் பழைய படம் ஒன்றைக் காட்டிக் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. அழகாக இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். ஆண்களின் பட்டைகள் நீலமாகி, நிரம்பி, நடுங்கின. சிலர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். ஒருவர் சுவரின் மேல் போர்வையைப் போர்த்தினார்.

அந்த வாரம் ஒத்திகைச் சங்கு ஊதியது. புதுப்புகாரில் முதல் முறையாக ஆண்கள் ஓடினார்கள்.

ஆட்சிக்குழு கூடியது. பார்வையாளர் வரிசையில் கலைமணி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சாரங்கி.

"இந்த மருந்து வேலை செய்யுது" என்றார் ஜெனோவா. "இது முன்னாடியே இருந்திருந்தா கிடங்குல நின்னவங்க ஓடியிருப்பாங்க."

தலைவர் புகழேந்தி தொண்டையைச் செருமினார். "அது சரிம்மா. ஆனா குடும்பத்தோட உக்காந்து பாக்குற படமா இது?"

"பிணம் குடும்பத்தோட பாக்கலாமா?"

"பிணத்தைப் பாத்துட்டு நிம்மதியா காபி குடிச்சோம். இதைப் பாத்தா காபி எறங்க மாட்டேங்குது. எல்லா வீட்லயும் புகார். வக்கிரமா இருக்குங்கிறாங்க." அவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானைச் சரிசெய்தார். "அந்த மஞ்சள் விஷயமும் இருக்கு. நல்ல குடும்பங்கள்ல பேச்சுவார்த்தையே நின்னு போச்சு. இத்தனை பேருமா அப்படி இருப்பாங்க? கருவியில கோளாறு இருக்கலாம் இல்லையா?"

"இல்லை" என்றார் ஜெனோவா.

"உங்களைக் கேக்கல. ஓவியர் சொல்லட்டும். அனுபவஸ்தர். தணிகாசலம், பட்டையில கோளாறு இருக்க வாய்ப்பு உண்டா?"

தணிகாசலம் எழுந்தார். ஆட்சிக்குழுவில் இருந்த ஆண்கள் அவரை நம்பிக்கையோடு பார்த்தார்கள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், புதிய படம் நிலைக்கும். ஆனால் அதற்குப் பிறகு, மஞ்சளை ஒப்புக்கொண்ட ஒரே ஆணாக அவர் தெருவில் நடக்க வேண்டும். முல்லையின் கல்லூரி வழியாக நடக்க வேண்டும். மூட்டையை அணைத்துக்கொண்டு நின்ற நாவரசு நினைவுக்கு வந்தான். கலைமணி இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

"இருக்கலாம்" என்றார்.

அறையில் பல ஆண்கள் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

தீர்மானம் விரைவாக முடிந்தது. குடும்ப அமைதி கருதிப் புதிய பட்டைகள் திரும்பப் பெறப்படும், பழைய சிவப்புப் பட்டைகள் வழங்கப்படும். பழைய படங்கள் தொடரும். அவை பொதுச்சொத்து என்பதால் சாரங்கி முகத்தைத் திரும்பக் கேட்க முடியாது. கடைசிப் படத்தை மட்டும் அழித்துவிட வேண்டாம் என்று முடிவானது. கலைக்கு மரியாதை உண்டு. மருத்துவர் சீட்டோடு வரும் பெரியவர்களுக்குத் தனியறையில் காட்டலாம். அதன் மேல் ஓர் எச்சரிக்கை பொறிக்கப்பட்டது: இதில் ஒரு பெண் உங்களைப் பார்க்கிறாள். மனத்திடம் குறைந்தவர்கள் தவிர்க்கவும்.

அந்த ஆண்டின் மிகக் கொடூரமான அச்சப்படத்துக்கான பரிசும் அதற்கே கிடைத்தது. தணிகாசலம் மேடையேறி வாங்கிக்கொண்டார். கைதட்டல் நீண்ட நேரம் ஒலித்தது.

அடுத்த நாள் காலை இட்லி தின்று முடித்தார்கள். கையில் பழைய பட்டை. பயமோ ரசனையோ, அதற்கு எல்லாம் சிவப்பு. தணிகாசலம் தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். முல்லையும் திருப்பினாள்.

கலைமணி தன் நாற்காலியைத் தூக்கி வந்து சுவருக்கும் அவருக்கும் நடுவில் போட்டாள். சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். கைகளை மடியில் வைத்தாள்.

அவரைப் பார்த்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று அவள் கேட்கவில்லை. தம்பியைப் பற்றியும் கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடங்களில் அவளை ஒரு முறைகூட வரைந்ததில்லை என்பது அவருக்கு அப்போது நினைவு வந்தது. கண்ணைத் தாழ்த்த முயன்றார். முடியவில்லை. மணிக்கட்டில் சூடு ஏறியது.

முல்லை எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அப்பாவோட பட்டை நிரம்பிடுச்சு" என்றாள். "படம் இன்னும் வரவே இல்லையே."