முதல் பெயரைக் காணோம்!

"ஐயோ...!"

டார்லீனின் அலறலில் லாரித் தொழிற்சாலையே ஒரு கணம் நின்றது.

பணியாளர் பிரிவு அதிகாரி அவள். அறிவிப்புப் பலகையை விரலால் சுட்டிக்கொண்டிருந்தாள்.

"பட்டியல்ல யாரோ கை வெச்சிருக்காங்க!"

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் லாரிகளை வாங்க ஆளில்லை. பன்னிரண்டு பேருக்கு ஆறு வாரம் வேலை கிடையாது. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே... அதுதான் விதி.

அந்தப் பன்னிரண்டு பேர் பட்டியலில் முதல் பெயர் ஜோலீன். சேர்ந்து ஏழே மாதம்.

அந்தப் பெயர் மீது ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. அதில்... ஆர்வில் கெம்மரர்! முப்பத்தெட்டு வருட சீனியர்!

ஐந்தாவது நிமிடம், ஜோலீன் மேனேஜர் ஃபென்ஸ்டர்மேக்கர் முன்னால் நின்றாள்.

"பெரியவரை மாட்டிவிட்டு நீ தப்பிக்கப் பாக்கறியா?"

"சத்தியமா நான் இல்ல சார்!"

"உண்மையைச் சொல்லு. இல்லேன்னா ஆறு வாரமில்ல... நிரந்தரமா வீட்டுக்கு!"

வேலை இல்லாவிட்டால் ஜோலீனுக்கு மருத்துவக் காப்பீடும் இல்லை. அடுத்த வாரம் மகளுக்குக் காது ஆபரேஷன்!

கதவு திறந்தது.

ஆர்வில்!

"அந்தப் பொண்ணை விடுங்க சார். ஒட்டினது நான்."

"நீங்களா...!"

"குழந்தைக்கு ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன். சர்ச்சுல ஜெபம் பண்ணேன். ஜெபம் பண்ணிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உக்கார முடியுமா?"

ஜோலீனின் கண்கள் நிறைந்தன.

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார்.

"யோவ் ஆர்வில்! சீனியர் தானா விரும்பினா போகலாம்னு ஒப்பந்தத்துலயே இருக்கே! கேட்டா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன். எதுக்கு இந்தத் திருட்டு வேலை?"

ஆர்வில் கதவைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா பேசுங்க சார். மத்த சீனியருங்க காதுல விழுந்தா எனக்கு இடம் கிடைக்காது. சனிக்கிழமை... மான் வேட்டை சீசன் ஆரம்பம்!"

தாமதமாகிவிட்டது.

வெளியே காதை வைத்திருந்த நாற்பது சீனியர்கள் உள்ளே பாய்ந்தார்கள்!

"என்னைத் தூக்குங்க சார்!"

"முப்பத்தொரு வருஷம் உழைச்சிருக்கேன்... ஆறு வாரம் வீட்டுக்கு அனுப்ப மாட்டீங்களா?"

"தள்ளுடா! நான் உனக்கு ரெண்டு வருஷம் சீனியர்!"

சின்னவர்கள் ஒருவருக்கும் வேலை போகாது! ஜோலீன் மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

"அமைதி!" மேனேஜர் கத்தினார். "பதினோரு இடம்தான் இருக்கு!"

"பன்னிரண்டு சார்..." என்றாள் டார்லீன்.

"பதினொண்ணு!"

பட்டியலைப் பிடுங்கி, முதல் ஆளாகத் தன் பெயரை எழுதினார் மேனேஜர்.

ஜோலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"யாராவது அந்த மானுங்களுக்கு போன் போட்டு, ஊரைக் காலி பண்ணச் சொல்லுங்கப்பா!"