சம்மாட்டி வீட்டு ஜோடி ஸ்பீக்கர்

குருசடைத் தீவின் தென்புறப் பாறைத் திட்டான பாரில் பெஞ்சமினின் உடல் மறுநாள் காலையில் கிடைத்தது. வலைக்கயிறு இடது காலைச் சுற்றி இறுகியிருந்தது. உடம்பில் வேறு காயம் இல்லை. கூப்பிடு தூரத்தில், பாறைமேல் ஏறிச் சாய்ந்து கிடந்தது அவர் சுக்கான் பிடித்து வந்த விசைப்படகு.

அவர் என் கணவர். 1961 டிசம்பரில் நடந்தது இது. நான் நேரில் காணாதவற்றை எஸ்.ஐ. குருநாதனும் இன்னாசியும் பின்னால் சொன்னார்கள். அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

படகில் மூன்று பேர் போனார்கள். படகின் சொந்தக்காரரான சவேரியார் சம்மாட்டி, பெஞ்சமின், கூலியாள் இன்னாசி. சம்மாட்டி கடலுக்குப் போவதே அபூர்வம். அன்று போனார். பிற்பகலில் திரும்பும்போது மழை இறங்கிக் கண்ணை மறைத்தது. பாம்பன் பாலம் தெரியவில்லை, கரை தெரியவில்லை. காம்பஸைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்த பெஞ்சமின், பாலத்தின் பக்கம் வர வேண்டிய படகைத் தீவின் பாரில் ஏற்றிவிட்டார்.

பாம்பன் போலீஸ் ஸ்டேஷனில் சவேரியார் கொடுத்த வாக்குமூலம் இது:

"அவன் குடிச்சிருந்தான். முட்டுன கொஞ்ச நேரத்துல பின்பக்கம் முழுக்க முங்கிருச்சு. நல்ல வேளை, மழை விட்ருச்சு. இன்னாசியத் தீவுக்கு நீந்திப் போயி ஆளக் கூட்டியாரச் சொன்னேன். நான் கழுத்தளவு தண்ணியில நின்னு ரெண்டு கையாலயும் பெஞ்சமினத் துழாவுனேன். ஆள் அகப்படல."

குடிப்பது அப்போது சட்டப்படி குற்றம். ஆனால் எனக்கு வலித்தது அதனால் அல்ல. கடலில் வேலையின்போது இறந்தவர்களின் பெயர்களைக் கல்லறைத் திருநாளன்று எங்கள் கோயிலில் உரக்க வாசிப்பார்கள். கோயில் கமிட்டித் தலைவர் சவேரியார். குடித்துவிட்டுப் படகை உடைத்தவன் பெயர் வாசிக்கப்படாது என்று அடக்கம் முடிந்த அன்றே சொல்லிவிட்டார். அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. பாதி ஊர் அவருடைய படகுகளில் வேலை செய்தது.

குருநாதன் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்துக்காரர். கண்மாய்த் தண்ணீர் பார்த்து வளர்ந்தவர். படகில் கால் வைத்தால் வாந்தி எடுப்பார் என்று கரையில் கேலி செய்வார்கள். விபத்தைப் பார்க்கப் போன அன்றும் எடுத்தார். எடுத்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, கடல் வற்றியிருந்த நேரம் பார்த்துப் பாரில் கிடந்த படகில் ஏறினார்.

சுக்கானுக்கு எதிரே ஒரு சிறு மர அலமாரி. அதன் மேல் காம்பஸ். உள்ளே மாதா சுரூபம் இருக்க வேண்டும். படகில் கொண்டுவரும் விலை உயர்ந்த எதையும் மாதா காலடியில் வைப்பதுதான் எங்களவர்கள் வழக்கம். கைக்கடிகாரமோ கல்யாணச் சேலையோ, கரை சேரும்வரை அங்கேதான் இருக்கும். இப்போது அலமாரி காலியாக இருந்தது.

காம்பஸைச் சோதித்தார். வடக்கு வடக்காகவே இருந்தது.

கயிற்றுப் பெட்டியைத் திறந்தபோது சுரூபம் அகப்பட்டது. ஒரு துண்டில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

"பெஞ்சமின் குடிச்சிருந்தானா?" என்று கூட வந்திருந்த இன்னாசியைக் கேட்டார்.

"சம்மாட்டி சொன்னாகள்ல."

"உன்னையக் கேட்டேன்."

"நான் முன்னுக்க நின்னேன். மோந்து பாக்கல."

"மாதாவ இங்கன கொண்டாந்து வச்சது யாரு?"

"அலை அடிச்சிருக்கும் சார்."

"அலைக்கு முடிச்சுப் போடத் தெரியுமோ?"

இன்னாசி கடலைப் பார்த்தான்.

அன்று மாலை குருநாதன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தாயி, அந்த அலமாரியில மாதாவத் தவிர வேற என்ன இருக்கும்?"

"ஒரு தூண்டில் முள் இருக்கும் சார். கல்யாணமான புதுசுல நான் நீல நூல் சுத்திக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் மாதா காலடியில வச்சுட்டுத்தான் இஞ்சினத் தட்டுவாரு."

"நீல நூலு எதுக்கு?"

"மாதா மேலங்கி நெறம். வீட்டுல அந்த நூல்தான் இருந்துச்சு."

"அந்த முள் அங்கன இல்லையே தாயி."

"தண்ணியில போயிருக்கும்."

"போயிருக்கலாம்" என்றார். அந்தச் சொல்லை அவரே நம்பவில்லை என்று தெரிந்தது.

மறு வாரம் அவர் சவேரியார் வீட்டுக்குப் போனார், ஒரு துணிப்பையோடு. கூடத்தில் கிராமபோன் ஓடிக்கொண்டிருந்தது. சுவரின் இரு மூலைகளிலும் இரண்டு புது ஸ்பீக்கர் பெட்டிகள். கடலில் ஓர் ஆளைப் பறிகொடுத்து மாதம்கூட ஆகாத வீடு.

"நானும் ஒரு செட்டு வாங்கலாம்னு இருக்கேன் சம்மாட்டி. மகளுக்குப் பாட்டுன்னா உசிரு. போலீஸ் சம்பளத்துக்குத் தக்கனச் சொல்லுங்க."

சவேரியாருக்கு முகம் மலர்ந்தது. இந்தப் பேச்சுக்குத்தான் அவர் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"பெட்டிப் பளபளப்பப் பாத்து ஏமாந்துறாதீக சார். ஸ்பீக்கரக் கையில தூக்கிப் பாக்கணும். பின்னால காந்தம் கனமா இருக்கணும். அப்பத்தேன் மிருதங்கம் மிருதங்கமாக் கேக்கும். இல்லைன்னா தகர டப்பாதான்."

"பெரிய ஸ்பீக்கரா வாங்கிரலாமா?"

"எதுக்கு? உங்க வீட்டுக் கூடத்துக்கு எட்டு இஞ்சே ஜாஸ்தி. அதுக்கு மேல போனா ஓடு அதிரும், பாட்டு வெளங்காது. ஒசத்தியா ஒண்ணு வாங்குற பணத்துக்கு நடுத்தரமா ரெண்டு வாங்குங்க. ரெண்டும் ஒரே கம்பெனியா இருக்கணும். வயலின் இங்கன கேக்கும், கஞ்சிரா அங்கன கேக்கும். ஆள் நடுவுல உக்காந்துக்கிட்டா கச்சேரிதான்."

"பெட்டி?"

"அது நம்ம ஆசாரி அடிச்சாரு. பெட்டியில மிச்சம் பிடிங்க, காந்தத்துல மிச்சம் பிடிக்காதீக."

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி யாகப்பம்மாள், "இது வந்ததுல இருந்து எங்கிட்டப் பேச நேரமில்ல சார் இவுகளுக்கு" என்றார்.

"எங்கன வாங்குனது?" என்றார் குருநாதன்.

"மெட்ராசு. ரயில்ல வந்துச்சு. ஸ்டேஷன்ல இருந்து மாட்டு வண்டியில."

"கடல் பக்கமே போகலையே?"

"ஸ்பீக்கர் கூம்பு காகிதம் சார். உப்புத் தண்ணி ஒரு சொட்டுப் பட்டா உப்பி நாசமாப் போயிரும்."

"அந்தக் காந்தத்தக் கொஞ்சம் பாக்கலாமா? கண்ணால பாத்துட்டா வாங்குறப்ப ஏமாற மாட்டேன்."

சவேரியாரே திருப்புளி எடுத்து வலப்புறப் பெட்டியின் முதுகுப் பலகையைக் கழற்றினார். பெருமை அவரை அவசரப்படுத்தியது. குருநாதன் டார்ச் விளக்கை உள்ளே அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற கான்ஸ்டபிளிடம், "பெஞ்சமின் சம்சாரம் அற்புதம்மாளக் கூட்டிட்டு வா. இன்னாசியும் வரட்டும்" என்றார்.

நாங்கள் போனபோது பாட்டு நின்றிருந்தது.

"தாயி, உள்ள பாருங்க. தொடாதீங்க."

காந்தத்தின் அடிவிளிம்பில் ஒரு தூண்டில் முள் ஒட்டிக்கொண்டிருந்தது. நீல நூல் வெளுத்திருந்தது. முடிச்சு என் முடிச்சு.

"இது மாதா காலடியில இருந்த முள். மெட்ராசுல இருந்து ரயில்ல வந்த காந்தத்துல எப்படி வந்து ஒட்டுச்சு சம்மாட்டி?"

குருநாதன் துணிப்பையிலிருந்து படகின் காம்பஸை எடுத்தார். கூடத்தின் நடுவில் வைத்தார். ஊசி வடக்கே நின்றது. அதை மெல்ல ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கொண்டுபோய் வைத்தார். ஊசி வடக்கை விட்டுவிட்டு எங்கோ திரும்பி நின்றது.

"நடுக்கடல்ல சிலோன் படகுல இருந்து வாங்குனீங்க. காகிதம் கசங்கக் கூடாதுன்னு சாக்குல இருந்து பிரிச்சு, மாதாவ எடுத்துட்டு அந்த எடத்துல காந்தம் கீழ இருக்க வச்சீங்க. விலை உள்ள சாமான், மாதா காலடி, நியாயம்தான். நேர் மேல காம்பஸ். வெயில் இருந்த மட்டும் பெஞ்சமினுக்குக் கரை தெரிஞ்சுச்சு. மழை மறைச்ச பெறகு காம்பஸ நம்புனான். அவன் சரியாத்தான் ஓட்டுனான். நீங்க வச்ச சாமான்தான் தப்பா வழி காட்டுச்சு."

"சத்தியமா எனக்குத் தெரியாது சார். காந்தம் இப்படிப் பண்ணும்னு எவன் கண்டான்?"

"அத நம்புறேன்" என்றார் குருநாதன். "படகு ஏறுனது தெரியாமச் செஞ்சது. அதுக்குப் பெறகு நடந்தத நம்பல."

பெட்டியின் முன்துணியை மெல்ல விலக்கினார். கறுப்புக் காகிதக் கூம்பு வழுவழுவென்று இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கறை இல்லை. மற்றப் பெட்டியிலும் அப்படியே.

"முட்டுன கொஞ்ச நேரத்துல பின்பக்கம் முங்கிருச்சுன்னு சொன்னது நீங்க. ஒரு சொட்டுப் பட்டா நாசமாயிரும்னு சொன்னதும் நீங்க. இது ரெண்டும் நனையல. அப்ப, முங்குறதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு. கழுத்தளவு தண்ணி. ரெண்டு ஸ்பீக்கரையும் தலைக்கு மேல தூக்கிப் பிடிக்க எத்தனை கை வேணும் சம்மாட்டி?"

யாகப்பம்மாள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ரெண்டு கை வேணும். அப்ப பெஞ்சமினத் துழாவுனது எந்தக் கை?"

இன்னாசி தரையில் உட்கார்ந்து அழுதான். "மதினி, தீவுல ஏறித் திரும்பிப் பாத்தேன். சம்மாட்டி தலையில எதையோ வச்சுக்கிட்டுத் தீவப் பாத்து நடந்து வந்தாக. அண்ணன் தண்ணியில இருந்து கைய ஆட்டுச்சு. சம்மாட்டி அங்கன போவாகன்னுதான் நெனச்சேன்."

கையை ஆட்டினார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

குருநாதனின் அறிக்கையில் பெஞ்சமின் குடிக்கவில்லை என்று எழுதப்பட்டது. சவேரியார் மீது போட்ட வழக்கு நிற்கவில்லை. ஒருவனைக் காப்பாற்றாமல் நடந்துபோனதற்குச் சட்டத்தில் பெயர் இல்லையாம். கடத்தல் சரக்குக்குச் சுங்கத்தில் அபராதம் கட்டினார். ஸ்பீக்கர்கள் பறிமுதல் ஆயின. குருநாதன் மகளுக்கு ஒரு சின்ன ரேடியோ வாங்கினார் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த கல்லறைத் திருநாளுக்கு முன் எங்கள் கோயிலுக்குப் புதுச் சாமியார் வந்திருந்தார். அவருக்குப் பழைய கதை தெரியாது. சுங்க ஏலத்தில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி வந்து பீடத்தின் இருபுறமும் வைத்தார். கனமான காந்தம், தேக்குப் பெட்டி. சின்னக் கோயிலுக்கு அளவான சாமான்தான்.

நவம்பர் இரண்டாம் தேதி. இறந்தவர்களின் பெயர்களை வழக்கம்போல் கமிட்டித் தலைவர் வாசித்தார். ஊர் சவேரியாரை மாற்றவில்லை. கடைசியில் என் கணவரின் பெயர் வந்தது. அவர் குரல் நடுங்கவில்லை. வலப்புறப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நல்ல ஸ்பீக்கர். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது.