கடைசிக் கமா

2011 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிதம்பரத்தில் பஸ் ஏறி கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், இறங்கினேன். பையில் லேப்டாப், மைக், இரண்டு ஹெட்போன். அண்ணாமலை நகரில் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவன் நான். ராத்திரி லாட்ஜ் டியூட்டி, பகலில் பாட்டுப் பதிவு.

பாட்டுப் பதிவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்த ஜான்சியின் வீடு துறைமுகத்துக்குப் போகும் சந்தில் கடைசி. தாழ்வான பழைய ஓட்டு வீடு. உள்ளே கருவாட்டு வாசனை, ஈரம் ஏறிய பாட்டுப் புத்தகங்களின் வாசனை, இரண்டுக்கும் அடியில் ஆஸ்பத்திரி வாசனை. அவளுடைய அப்பா சார்லஸ் செத்து நாற்பது நாள் தாண்டியிருந்தது. சர்ச் பாடகர் குழுவை முப்பது வருடம் நடத்தியவர். நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் சாய்ந்தபடி, கம்ப்யூட்டரில் ஒரு பாட்டை எழுதி முடித்துவிட்டுப் போயிருந்தார். மகள் மணப்பெண்ணாகச் சர்ச்சுக்குள் நடந்து வரும்போது ஒலிக்க வேண்டிய பாட்டு. கல்யாணத்தைத் தள்ளி வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை கல்யாணம்.

"நானே பாடுறேண்ணே," என்றாள் ஜான்சி. "அப்பாதான் வர முடியல. அவரு பாட்டாவது என்கூட நடந்து வரட்டும்."

சார்லஸ் எழுதியது நொட்டேஷன் சாஃப்ட்வேரில். அச்சடித்த இசைத்தாள் போலவே திரையில் தெரியும். குரலைப் பதிவு செய்ய வேறு ப்ரோக்ராம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் சுரங்கள் வரும், வேகம் வரும். பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று சுரத்துக்கு மேலே போடும் கமா மட்டும் வராது. சார்லஸ் அதை நிறையப் போட்டிருந்தார்.

சொன்னதும் ஜான்சி சிரித்துவிட்டாள். குழுவில் அவருக்குக் 'கமா மாமா' என்றுதான் பெயராம். கமா இல்லாத இடத்தில் யாராவது மூச்சு இழுத்தால் ஆர்கனை நிறுத்திவிட்டு, 'யாரு அது திருட்டு மூச்சு?' என்று கேட்பாராம்.

இதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். தனி ட்ராக்கில், கமா இருந்த இடத்தில் எல்லாம் ஒரு 'டிக்' சத்தம். பாடுகிறவருக்கு ஹெட்போனில் அது கேட்கும், மூச்சு வாங்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் போட்டேன். கடைசிக் கமா மட்டும் கடைசிச் சுரத்துக்கும் பிறகு நின்றது. பாட்டு முடிந்த பிறகு மூச்சு எதற்கு? கை தவறிப் போட்டிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் நல்ல அமைதி. பேட்டரியில் பதிவைத் தொடங்கினேன்.

டிக். ஜான்சி மூச்சு வாங்கினாள். ஹெட்போனில் கூடவே இன்னொரு மூச்சும் கேட்டது. ஈரமாக, குழாய் வழியே இழுப்பதுபோல. காற்று என்று நினைத்து எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

அடுத்த டிக்குக்கும் கேட்டது.

கடைசிச் சுரம் வந்தது. நான்கு எண்ணிக்கைக்குப் பிடித்து நிறுத்த வேண்டும். அவள் நிறுத்தவில்லை. ஆசைக்கு இழுக்கிறாள் என்று விட்டேன். பிறகு போதும் என்று கை காட்டினேன்.

நிறுத்தவில்லை.

கழுத்து நரம்பு புடைத்தது. உதடு நீலமானது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

பதிவை நிறுத்தினேன். திரையில் ஓடிய கோடு நின்றது.

குரல் நிற்கவில்லை.

தோளைப் பிடித்து உலுக்கினேன். கல்லைப் பிடித்ததுபோல இருந்தது. அவள் கை மட்டும் மேஜையைத் துழாவி, அப்பா அச்செடுத்து வைத்திருந்த தாளைக் கண்டுபிடித்தது. கடைசி வரியின் ஓரத்தை நகத்தால் சுரண்டியது. அங்கே ஒரு கமா.

பாட்டின் முடிவில் டிக்கைப் போட்டு ஓடவிட்டேன்.

டிக்.

ஜான்சி மூச்சை இழுத்தபடி தரையில் விழுந்து இருமினாள். அறையில் இரண்டு மூச்சு கேட்டது. ஒன்று அவளுடையது. இன்னொன்று உள்ளே இழுத்தது. வெளியே விடும் என்று காத்திருந்தேன்.

விடவில்லை.

பயப்படாதே என்றேன். அவள் பயப்படவே இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அப்பா போட்ட கமா வராம நான் எப்படிண்ணே மூச்சு வாங்குறது?"

அந்தப் பதிவை அங்கேயே அழித்தேன். குரல் சரியாக வரவில்லை, வாத்தியத்தில் மட்டும் போட்டுத் தருகிறேன் என்றேன். பொய் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவின் பாட்டில் எதையும் குறைத்துவிட வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

சிதம்பரம் திரும்பி, ஃபைலை மறுபடி முதலிலிருந்து மாற்றினேன். வயலின், செல்லோ வைத்தேன். பாட ஆள் இல்லை, அதனால் டிக் ட்ராக் போடவில்லை. வாத்தியத்துக்கு மூச்சு வேண்டாமே.

புதன்கிழமை சிடியைக் கொடுத்து அனுப்பினேன். கல்யாணத்துக்குப் போகவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து மத்தியானம் போன் வந்தது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஜெயப்பிரகாஷ், ஜான்சியின் புருஷன். சிடி கவரில் நம்பரைப் பார்த்தானாம்.

"கோயில்ல எல்லாரும் ஜான்சி கொரலைத்தான் சார் பேசுனாங்க. சூப்பரா எடுத்திருக்கீங்க."

அந்த சிடியில் குரலே இல்லை.

அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு கேக்கணும் சார். சிடியை அன்னைக்கே பீரோவுல வச்சிப் பூட்டிட்டோம். இப்ப கரண்டும் இல்ல. அவ என் எதிர்லதான் தூங்குறா. வாய் மூடித்தான் இருக்கு."

போனை அவள் பக்கம் நீட்டியிருக்க வேண்டும்.

கடைசிச் சுரம். துளியும் நடுங்காமல்.

"காலைலேர்ந்து நிக்கல சார்."

லேப்டாப்பைத் திறந்தேன். முடிவில் டிக்கைப் போட்டு, போனை ஸ்பீக்கரோடு சேர்த்துப் பிடித்தேன்.

டிக்.

குரல் நின்றது. மறுமுனையில் யாரோ நீளமாக, ஈரமாக மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

அவள்தானே என்று கேட்டேன்.

"இல்ல சார்," என்றான் ஜெயப்பிரகாஷ். "அவ இன்னும் இழுக்கல."